ஐந்து அணைகள், ஒரே மாதிரி உடைப்பு: கூன் கிரீக், 2018

2018 ஆகஸ்ட் 27, திங்கட்கிழமை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய தென்மேற்கு மூலையில் பிடித்த மழை இரவு முழுக்க விடவில்லை. சில இடங்களில் 10 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. அதாவது ஒரே இரவில் 250 மில்லிமீட்டருக்கு மேல். விடிந்து பார்த்தால் வெர்னன், மன்ரோ என்ற இரு கவுன்டிகளில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) ஐந்து சிறிய வெள்ளத்தடுப்பு அணைகள் உடைந்து கிடந்தன. மூன்று கூன் கிரீக் ஓடையின் நீர்ப்பிடிப்பில் இருந்தவை. மற்ற இரண்டு, ஜெர்சி வேலி அணையும் மில்ஸ்னா அணையும், பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஓடும் வெஸ்ட் ஃபோர்க் கிக்காப்பூ ஆற்றின் மேல்பகுதியில் இருந்தவை.

இந்த இரண்டு நீர்ப்பிடிப்புகளிலும் சேர்த்து இப்படிப்பட்ட அணைகள் மொத்தம் 23: கூன் கிரீக்கில் 14, வெஸ்ட் ஃபோர்க்கில் 9. ஒரு அணை உடைந்தால் ஏதோ பராமரிப்புக் கோளாறு என்று சொல்லிவிடலாம். ஒரே இரவில், வேறு வேறு ஓடைகளில், ஐந்து உடைந்தால்? அதிலும் ஐந்தும் ஏறக்குறைய ஒரே விதத்தில் உடைந்தால்? அணைப் பாதுகாப்பு பற்றி எழுதுகிறவர்கள் பெரிய பெரிய அணைகளையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். சின்ன அணைகள் எப்படித் தோற்கும், அவை எதற்காகக் கட்டப்பட்டன என்பது ஊருக்கே எப்படி மறந்துபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை.

மண்ணும் மலையும்

இந்தப் பகுதிக்கு டிரிஃப்ட்லெஸ் என்று பெயர். பனியுகத்தில் சுற்றிலும் இருந்த நிலத்தை எல்லாம் பனிப்பாளங்கள் தேய்த்துச் சமப்படுத்தியபோது இந்தத் துண்டு மட்டும் தப்பித்துவிட்டது. அதனால் சமவெளி மாநிலத்துக்கு நடுவே செங்குத்தான சரிவுகளும் குறுகிய பள்ளத்தாக்குகளும் அப்படியே இருக்கின்றன. மேட்டில் கொஞ்சம் தட்டையான வயல், பிறகு சட்டென்று இறங்கும் காட்டுச் சரிவு, அடியில் ஓடை, ஓடையை ஒட்டி ஒரு சாலை, சாலையை ஒட்டி ஊர். மழை பெய்தால் தண்ணீருக்குப் போக வேறு வழி கிடையாது.

19ஆம் நூற்றாண்டில் நார்வேயிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் இந்தச் சரிவுகளையும் உழுதார்கள், மரம் இருந்த சரிவுகளில் மாடு மேய்த்தார்கள். இரண்டு மூன்று தலைமுறைக்குள் மேல்மண் கழுவிக்கொண்டு போனது. சரிவுகளில் ஆள் உயரத்துக்கு மேல் ஓடைப்பள்ளங்கள் வெட்டிக்கொண்டன. கழுவிப்போன மண் பள்ளத்தாக்கில் படிந்து படிந்து வேலிக் கம்பங்களையும் சாலைகளையும் மூடியது. மழை நிலத்துக்குள் இறங்காமல் மேலேயே வழிந்து ஓடியதால் சின்ன மழைக்கே வெள்ளம் வந்தது.

1933இல் அமெரிக்க அரசு மண் அரிப்பைத் தடுக்க ஒரு தனித்துறை தொடங்கி, ஹ்யூ ஹாமண்ட் பென்னெட் என்ற மண்ணியல் அறிஞரை அதற்குத் தலைவராக்கியது. அந்தத் துறை நாட்டிலேயே முதன்முதலாக ஒரு முழு நீர்ப்பிடிப்பைத் தேர்ந்தெடுத்து வேலை செய்து காட்டிய இடம் இந்தக் கூன் கிரீக்தான். சுமார் 92,000 ஏக்கர். நானூறுக்கு மேற்பட்ட விவசாயிகள் ஒப்பந்தம் போட்டார்கள். சரிவுக்குக் குறுக்காக, சம உயரக் கோட்டில் உழுவது, ஒரு பட்டை தானியம், ஒரு பட்டை தீவனப்புல் என்று மாற்றி மாற்றி விதைப்பது, செங்குத்துச் சரிவுகளில் மாட்டை ஏற்றாமல் வேலி போட்டு மரத்துக்கு விடுவது, ஓடைக்கரையைக் கட்டுவது. இதற்கான உடல் உழைப்பை வேலையில்லாத இளைஞர்களைக் கொண்ட அரசு முகாம் தந்தது. யோசனை சொன்னவர்களில் இயற்கைப் பாதுகாப்பு அறிஞர் ஆல்டோ லியோபோல்டும் ஒருவர்.

இதையெல்லாம் சொல்லக் காரணம், அணைகள் வந்தது இதற்கு அப்புறம்தான். பல ஆண்டுகள் இங்கே வண்டல் படிவை அளந்த புவியியலாளர் ஸ்டான்லி டிரிம்பிள், 1930களில் பள்ளத்தாக்கில் படிந்த வேகத்தோடு ஒப்பிட்டால் 20ஆம் நூற்றாண்டின் கடைசியில் படிந்தது மிகச் சிறு பங்குதான் என்று காட்டினார். ஓடைகளில் கோடையிலும் குளிர்ந்த ஊற்றுநீர் ஓட ஆரம்பித்தது. டிரௌட் மீன் திரும்பி வந்தது. இன்று அந்த மீன் பிடிக்கத் தூரத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வெள்ளத்தை முதலில் அடக்கியது வயல்தான், கரை அல்ல. இந்த வரிசை பின்னாளில் பலருக்கு நினைவில் இல்லாமல் போனது.

அணை எதற்கு?

1954இல் அதிபர் ஐசன்ஹோவர் காலத்தில் ஒரு சட்டம் வந்தது. பொதுச்சட்டம் 566 என்று எண்ணாலேயே அழைப்பார்கள். ஆற்றின் அடிப்பகுதியில் ராணுவப் பொறியாளர்கள் கட்டும் பிரம்மாண்ட அணைகளுக்குப் பதிலாக, அல்லது அவற்றோடு கூட, மேல்பகுதியில் சின்னச் சின்ன அணைகளாகக் கட்டுவது என்பதே எண்ணம். கட்டுமானச் செலவை மத்திய அரசு ஏற்கும். கட்டி முடித்தபின் உள்ளூர் அமைப்பு, பெரும்பாலும் கவுன்டி, அதை வைத்துப் பராமரிக்கும். இந்தச் சட்டமும் அதையொட்டிய திட்டங்களுமாக நாடு முழுக்க 11,000க்கு மேற்பட்ட அணைகள் எழுந்தன. பெரும்பாலானவற்றுக்கு வடிவமைப்பு ஆயுள் 50 ஆண்டு. கூன் கிரீக் அணைகள் இந்தத் திட்டத்தின் தொடக்க காலத்தைச் சேர்ந்தவை. வெஸ்ட் ஃபோர்க்கில் கட்டியது அதற்குப் பிறகு.

இவை வேலை செய்யும் விதம் எளிது. பள்ளத்தாக்குக்குக் குறுக்கே ஒரு மண்கரை. கரைக்கு உட்புறம் கான்கிரீட்டில் நிமிர்ந்து நிற்கும் ஒரு பெட்டி, அதன் அடியிலிருந்து கரைக்குக் கீழே போகும் ஒரு குழாய். மழை வந்தால் தண்ணீர் கரைக்குப் பின்னால் தேங்கும், அந்தக் குழாய் வழியாக மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். திறந்து மூட ஷட்டர் எதுவும் வேண்டாம், இரவில் ஓடி வந்து இயக்க ஆளும் வேண்டாம். குழாய் தாங்காத அளவுக்குத் தண்ணீர் ஏறினால், கரைக்கு ஒரு பக்கமாக மலைச்சரிவில் வெட்டிய புல்தரை கலிங்கு வழியாக வழிந்து போகும். மழை நின்ற சில நாளில் உள்ளே தேங்கியது வடிந்து, அணைக்குள் மறுபடி மாடு மேயும். இந்த 23இல் பெரும்பாலானவை இப்படிப்பட்ட வறண்ட அணைகள். ஜெர்சி வேலி மட்டும் கொஞ்சம் வேறு: அதில் நிரந்தரமாக ஒரு ஏரி வைத்து, கவுன்டி ஒரு பூங்காவும் அமைத்திருந்தது.

கட்டும்போது கணக்குப் போட்ட நன்மை என்ன? அடிப்படையில், ஓடையை ஒட்டிய வயல்கள், சாலைகள், சிறு பாலங்கள் ஆகியவை அடிக்கடி வரும் நடுத்தர வெள்ளத்தில் அழியாமல் இருப்பது. மேல்பகுதியில் ஒரு சின்ன ஓடையின் நீரை மட்டும் பிடிக்கும் அணையால் அவ்வளவுதான் முடியும். அணைக்கு நேர் கீழே வெள்ள மட்டம் நன்றாகவே குறையும். கீழே போகப் போக, அணை இல்லாத பக்க ஓடைகள் எல்லாம் வந்து சேரச் சேர, அந்தப் பலன் கரைந்துகொண்டே வரும். கூன் கிரீக் ஓடையில் கீழே உள்ள கூன் வேலி என்ற ஊருக்கு வரும்போது மிஞ்சுவது கொஞ்சம்தான்.

ஆனால் ஊர்க்காரர் பார்வையில் அப்படி இருக்குமா? மேலே 14 அணை இருக்கிறது என்றால் நமக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். கட்டியவர்கள் பொய் சொல்லவில்லை, ஊர்க்காரர்கள் முட்டாள்களும் இல்லை. வயலுக்காகக் கட்டியது ஊருக்காகக் கட்டியதாக மாறியது எந்த அறிக்கையிலும் பதிவாகாமல், தலைமுறை மாறும்போது நடந்த ஒரு விஷயம். 2007 ஆகஸ்டிலும் 2008 ஜூனிலும் இப்பகுதியில் பெரிய வெள்ளம் வந்தது. அணைகள் நின்றன. நின்றதால் நம்பிக்கை இன்னும் கூடியது.

பக்கத்திலேயே இன்னொரு கதை உண்டு. கிக்காப்பூ ஆற்றின் மேல் லா ஃபார்ஜ் என்ற ஊருக்கருகில் ஒரு பெரிய வெள்ளத்தடுப்பு அணைக்கு 1962இல் ஒப்புதல் கிடைத்தது. கிட்டத்தட்ட 150 குடும்பங்களை வெளியேற்றி, 8,000 ஏக்கருக்கு மேல் நிலத்தை வாங்கி, 1971இல் வேலை தொடங்கி, செலவும் சூழலியல் எதிர்ப்பும் ஏறி 1975இல் நின்றுவிட்டது. அணையின் கான்கிரீட் கோபுரம் இன்றும் தண்ணீர் இல்லாமல் நிற்கிறது. நிலம் பின்னர் மாநில அரசும் ஹோ-சங்க் பழங்குடியினரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் காப்பகமானது. அதே ஆற்றில் கீழே இருந்த சோல்ஜர்ஸ் குரோவ், அணைக்காகக் காத்திருந்து பயனில்லை என்று, 1978 வெள்ளத்துக்குப் பிறகு தன் கடைவீதியையே மேட்டுக்கு மாற்றிக்கொண்டது. இந்த வட்டாரத்தில் அணை என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு கசப்பு உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். மத்திய அரசு ஆள் வந்து எதைச் சொன்னாலும் பாதிப்பேர் லா ஃபார்ஜை நினைத்துக்கொண்டுதான் கேட்பார்கள்.

உடைப்பு

மண் அணை உடைந்தால் முதலில் சந்தேகப்படுவது இரண்டை. ஒன்று, தண்ணீர் கரை மேல் ஏறி வழிந்து, பின்சரிவை அரித்திருக்கும். இரண்டு, கரைக்குள்ளோ குழாயை ஒட்டியோ கசிவு ஓடி உள்ளே துளை போட்டிருக்கும். ஆய்வாளர்கள் வழக்கமாகத் தேடுவதும் இவற்றின் அறிகுறிகளைத்தான். கரையில் மரம் முளைத்திருக்கிறதா, எலி வகைப் பிராணி பொந்து போட்டிருக்கிறதா, பின்சரிவில் ஈரமான திட்டு தெரிகிறதா, குழாய் வாயில் கலங்கல் வருகிறதா என்று பார்த்துப் படிவத்தில் குறித்துக்கொள்வார்கள்.

கூன் கிரீக்கிலும் வெஸ்ட் ஃபோர்க்கிலும் போய்ப் பார்த்தபோது கரையின் பெரும்பகுதி புல்லோடு நின்றிருந்தது. உடைந்தது ஓரம். மண்கரை போய் மலைச்சரிவோடு சேரும் இடம். அங்கே மலையிலேயே ஒரு பெரிய வாய் திறந்து, பாறை துண்டு துண்டாகத் தெரிந்தது. ஐந்திலும் இதே கதைதான்.

ஏன் என்பதை அந்தப் பாறையைப் பார்த்தால் புரியும். இந்த மலைகள் பழைய மணற்பாறை. பள்ளத்தாக்கு வெட்டப்பட வெட்டப்பட, பக்கவாட்டில் தாங்கிக்கொண்டிருந்த பாரம் போய்விடுவதால், சரிவுக்கு இணையாகப் பாறை லேசாகப் பிளந்துகொள்ளும். அப்படி உருவான வெடிப்புகள் பள்ளத்தாக்கின் இரு பக்கமும், ஓடை போகும் திசையிலேயே ஓடுகின்றன. சில வெடிப்பு மயிரளவு, சில கை நுழையும் அளவு. இப்போது அந்த வெடிப்புக்குக் குறுக்காக ஒரு மண்கரையை மலையோடு ஒட்டுங்கள். கரை தண்ணீரைத் தடுக்கும். கரையைச் சுற்றிக்கொண்டு, மலைக்குள் இருக்கும் வெடிப்பு வழியே, தண்ணீர் மறுபக்கம் போகும். போகிற வேகத்தில் வெடிப்பை ஒட்டிய மண்ணையும், இளகிய மணற்பாறையையும் கரைத்துக்கொண்டு போகும். வழி அகலமாகும், வேகம் கூடும், இன்னும் அரிக்கும். கடைசியில் கரையின் ஓரம் தாங்க ஆளில்லாமல் சரியும்.

இது உலகம் அறியாத விஷயம் அல்ல. 1976 ஜூன் 5 அன்று ஐடஹோ மாநிலத்தில் 300 அடி உயரமுள்ள டீட்டன் அணை முதல்முறை நிரம்பும்போதே உடைந்தது. 11 பேர் இறந்தார்கள். அங்கேயும் பிரச்சினை கரை மலையோடு சேரும் இடத்தில், வெடித்த எரிமலைப் பாறையில்தான். அதற்குப் பிறகுதான் மத்திய அரசின் அணைப் பாதுகாப்பு வழிகாட்டு நெறிகள் 1979இல் வந்தன. நாம் பேசும் சின்ன அணைகள் எல்லாம் டீட்டனுக்கு முன்னால் கட்டப்பட்டவை. அக்காலத்தில் ஒரு சிறு மண்கரைக்காக மலைக்குள் துளை போட்டுப் பார்த்து, வெடிப்புகளில் சிமென்ட் குழம்பை அழுத்தி ஏற்றுவது வழக்கமாகச் செய்யும் செலவு அல்ல. ஜெர்சி வேலியில் மட்டும், தண்ணீர் எப்போதும் நின்றதால், ஓரம் கசிவது வெளியே தெரிந்தது. 2018க்கு முன்பே ஏரியை வடித்துப் பழுதும் பார்த்தார்கள். அப்படியும் அது தாங்கவில்லை.

இந்த இடத்தில்தான் வறண்ட அணையின் ஒரு பெரிய பலவீனத்தைச் சொல்ல வேண்டும். நம் ஊர் ஏரி வருடா வருடம் நிரம்புகிறது. நிரம்பும்போது எங்கே கசிகிறது, எந்தப் பக்கம் ஊற்று கிளம்புகிறது என்று கரையில் நடக்கிறவருக்கே தெரிந்துவிடும். வறண்ட அணை அப்படியல்ல. 50 ஆண்டில் அது முழு உயரத்துக்கு ஒரு தடவைகூட நிரம்பாமல் இருந்திருக்கலாம். பாதி உயரத்துக்கு மேல் உள்ள வெடிப்புகளைத் தண்ணீர் தொட்டே இருக்காது. பெரிய அணைகளுக்கு முதல் நிரப்பு என்று தனியாக ஒரு கட்டம் உண்டு: மெதுவாக ஏற்றி, ஒவ்வொரு மட்டத்திலும் நிறுத்தி, அளந்து பார்ப்பார்கள். இங்கே முதல் நிரப்பு நடந்தது நள்ளிரவில், 250 மில்லிமீட்டர் மழையில், பார்க்க ஒருவரும் இல்லாதபோது. வருடாந்திர ஆய்வில் எத்தனை படிவம் நிரப்பியிருந்தாலும், காய்ந்து கிடக்கும் மலைச்சரிவு எதையும் காட்டிக்கொடுத்திருக்காது. ஆய்வு செய்தவர்களைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லாததற்குக் காரணம் இதுதான்.

கீழே என்ன ஆனது? கூன் வேலியில் வெள்ளம் புகுந்தது, மக்களைப் படகில் வைத்து மீட்டார்கள். கிக்காப்பூ ஆற்றில் பல ஊர்களில் வெள்ள மட்டம் அதுவரை பதிவானதையெல்லாம் தாண்டியது. வெஸ்ட் ஃபோர்க்கை ஒட்டிய சிறு குடியிருப்புகளில் இருந்தவர்கள் இருட்டில் மேட்டுக்கு ஏறினார்கள். அணை உடைந்ததால் உயிர் போகவில்லை. அது அந்தப் பள்ளத்தாக்கில் வீடுகள் குறைவு என்பதாலும், ஆட்களை நேரத்தில் எழுப்பியதாலும். அணையின் வடிவமைப்பால் அல்ல.

ஆபத்து வகை என்னும் குழப்பம்

அமெரிக்காவில் ஒவ்வொரு அணைக்கும் ஒரு ஆபத்து வகை தருவார்கள்: குறைவு, நடுத்தரம், அதிகம். இது அணை எவ்வளவு பலவீனம் என்பதைச் சொல்வதில்லை. உடைந்தால் கீழே எவ்வளவு சேதம் என்பதை மட்டும் சொல்கிறது. அதிக ஆபத்து வகை என்றால் உடைந்தால் உயிர் போக வாய்ப்புண்டு என்று பொருள். அணை பாறைபோல் திடமாகக்கூட இருக்கலாம். குறைவு என்றால் கீழே வயல்தான் என்று பொருள். அணை உடையும் தறுவாயில் இருக்கலாம். செய்தித்தாள்கள் இதை எப்போதும் தலைகீழாகவே எழுதுகின்றன.

இதில் இன்னொரு சிக்கல். அணை கட்டும்போது கீழே வயல் மட்டும் இருந்திருக்கும். அணை வந்துவிட்டதே, இனி வெள்ளம் வராது என்று ஓடையோரம் இரண்டு வீடு வரும், ஒரு முகாம் மைதானம் வரும். அணை மாறவில்லை, ஆனால் அதன் ஆபத்து வகை ஏறிவிட்டது. இப்போது அதே அணைக்குக் கடுமையான விதி பொருந்தும்: பெரிய கலிங்கு வேண்டும், உயரம் வேண்டும், அவசரகாலத் திட்டம் வேண்டும். அதற்கான பணம் யாரிடம்? உரிமையாளரான கவுன்டியிடம் இல்லை. 2000இல் சட்டத்தைத் திருத்தி, இப்படிப்பட்ட பழைய அணைகளைச் சீரமைக்க மத்திய அரசு 65 சதவீதம் தரலாம் என்றார்கள். மீதி 35 உள்ளூர் கணக்கு. பால்பண்ணைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வரும் ஒரு கவுன்டிக்கு அந்த 35 சதவீதமே பெரிய தொகை.

எடுத்துவிடலாம் என்ற பரிந்துரை

உடைப்புக்குப் பிறகு வேளாண் துறையின் இயற்கை வளப் பாதுகாப்புப் பிரிவு, அதாவது 1933இல் இங்கே வேலையைத் தொடங்கிய அதே துறையின் இன்றைய வாரிசு, உடைந்த ஐந்தை மட்டுமல்லாமல் 23 அணைகளையும் எடுத்து ஆராய்ந்தது. காரணம் எளிது: மீதி 18உம் அதே வகைப் பாறையில், அதே மாதிரி ஒட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. வந்த பரிந்துரை பலருக்கு அதிர்ச்சி. 23 அணைகளையும் செயலிழக்கச் செய்துவிடலாம் என்றார்கள். அதாவது கரையில் அகலமான வெட்டு போட்டு, ஓடை தன் போக்கில் போகும்படி விட்டுவிடுவது.

இதற்குப் பின்னால் உள்ள கணக்கு செலவு–பலன் கணக்கு. மலைப்பாறையின் வெடிப்புகளைச் சரிசெய்து, இன்றைய விதிப்படி அணையை மறுபடி கட்ட ஆகும் செலவு ஒரு பக்கம். அணை இருந்தால் மிச்சமாகும் சேதம் மறுபக்கம். பள்ளத்தாக்கில் சில வீடு, சில வயல், சில சிறு பாலம். தராசின் இரண்டாவது தட்டு எப்படிப் பார்த்தாலும் கனக்கவில்லை. மத்திய அரசுப் பணம் என்றால் பலன் செலவைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆக, கட்ட முடியாது. கட்டாமல் அப்படியே விட்டால் இன்னொரு ஆகஸ்ட் இரவு வரும். எடுப்பது ஒன்றுதான் மிச்சம்.

எனக்கு இந்த முடிவு பெரும்பாலும் சரியாகவே படுகிறது. உடையும் அணை, இல்லாத அணையைவிட மோசம். வெள்ளம் மெதுவாக ஏறினால் மக்கள் மாடி ஏறுவார்கள், மாட்டை அவிழ்த்துவிடுவார்கள். கரை உடைந்து வரும் தண்ணீர் அந்த அவகாசத்தைத் தராது. நடுத்தர மழையில் கொஞ்சம் காப்பாற்றிவிட்டு, பெரிய மழையில் தானே வெள்ளத்தின் பகுதியாக மாறும் ஒன்றைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

ஆனால் கணக்கு போட்ட விதத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நன்மையைச் சொத்து மதிப்பில் அளந்தால், ஏழைப் பள்ளத்தாக்கின் வெள்ளம் எப்போதும் மலிவாகத்தான் தெரியும். அதே தண்ணீர் ஒரு நகர்ப்புறக் கடைவீதியில் புகுந்தால் அணை கட்டலாம் என்று வரும். ஒரு சிறு பாலம் போனால் அந்தப் பாலத்தின் விலை கணக்கில் வருகிறது. ஆனால் அது இல்லாமல் பால் வண்டி எத்தனை வாரம் சுற்றிப் போனது, பள்ளிப் பேருந்து எந்த வழி போனது என்பதெல்லாம் அதே அழுத்தத்தோடு வருவதில்லை. கூட்டங்களில் அணைக்கு நேர் கீழே குடியிருக்கிறவர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. அணையை எடுத்தால் மொத்தப் பள்ளத்தாக்கின் சராசரி ஆபத்து குறையலாம். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வரும் சின்ன வெள்ளம் அவர்கள் முற்றத்துக்குத்தான் முதலில் வரும்.

மீண்டும் மேட்டுக்கு

அணை போனால் என்ன மிச்சம் என்று கேட்டால், 1933இல் தொடங்கிய இடமே மிச்சம். ஆனால் மேட்டு நிலம் இப்போது அப்படியே இல்லை. அன்று ஒவ்வொரு பண்ணையிலும் பசு இருந்தது. பசுவுக்குத் தீவனப்புல் வேண்டும், புல் இருந்தால் சரிவில் வேர் பிடிக்கும், வேர் இருந்தால் மழை இறங்கும். சமஉயரப் பட்டைகளின் பொருளாதாரமே பசுதான். பால் விலை விழுந்து பண்ணைகள் மூடியதும் புல்லுக்குத் தேவை இல்லாமல் போனது. பட்டைகளைச் சேர்த்து உழுது, மக்காச்சோளமும் சோயாவும் மட்டும் போட ஆரம்பித்தார்கள். அகலமான இயந்திரம் வளைந்த பட்டைகளில் திரும்புவதும் சிரமம். அணையைக் கட்டியபோது அதற்கு மேலே இருந்த நிலம் உறிஞ்சிய அளவுக்கு, அது உடைந்த இரவில் இருந்த நிலம் உறிஞ்சியிருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. தவிர, நிலம் ஏற்கெனவே நனைந்திருக்கும்போது 250 மில்லிமீட்டர் மழையை எந்தப் புல்வெளியும் முழுசாக விழுங்காது. மேட்டு வேலை நடுத்தர வெள்ளத்தைக் குறைக்கும், பெரிய வெள்ளத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். அவ்வளவுதான் அதன் எல்லை. அணையைப் பற்றி ஒருகாலத்தில் சொன்னதை எல்லாம் இப்போது புல்லைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பழைய தவறுதான் வேறு வேடத்தில் வரும்.

வெள்ளத்துக்குப் பிறகு கூன் கிரீக்கில் விவசாயிகளும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஒரு நீர்ப்பிடிப்புக் குழு அமைத்துக்கொண்டார்கள். குளிர்காலத்தில் வயலை வெறுமையாக விடாமல் மூடுபயிர் போடுவது, மாட்டைத் தடம் மாற்றி மாற்றி மேய்ப்பது, அவரவர் நிலத்தில் தண்ணீர் எங்கே வேகமெடுக்கிறது என்று நடந்து பார்ப்பது என்பதெல்லாம் அவர்கள் பேச்சில் இருக்கிறது.

இதே மாதிரி வயதுள்ள சிறு மண் அணை வைத்திருக்கும் எந்த ஊருக்கும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள நான்கைந்து நேரான கேள்விகள் உண்டு. இந்த அணை எந்த அளவு மழைக்கு, எதைக் காப்பாற்றக் கட்டப்பட்டது, அந்தக் காகிதம் யாரிடம் இருக்கிறது? கரை மலையோடு சேரும் இடத்தில் பாறையை யாராவது துளைத்துப் பார்த்தார்களா, அல்லது கரையை மட்டும்தான் பார்க்கிறோமா? முழு மட்டத்துக்கு எப்போதாவது நிரம்பியதா, நிரம்பியபோது யாராவது போய்ப் பார்த்தார்களா? உடைந்தால் தண்ணீர் எந்த வீட்டுக்கு எத்தனை நிமிடத்தில் வரும் என்ற வரைபடம், அந்த வீட்டுக்காரர் கையில் இருக்கிறதா? கட்டிய பிறகு கீழே வந்த வீடுகளுக்கு அனுமதி கொடுத்தபோது அணைக்காரரைக் கேட்டார்களா?

இதில் மூன்றாவது கேள்விக்குச் செலவே அதிகம் இல்லை. பெரிய மழை இரவில், அணைக்குள் தண்ணீர் மட்டம் என்ன என்பதைத் தானாக அனுப்பும் ஒரு கருவி, கவுன்டி அவசரகால அலுவலகத்தில் அதைப் பார்க்க ஒருவர், குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டினால் கீழே உள்ள வீடுகளுக்குத் தொலைபேசி. நின்றுகொண்டிருக்கும் 18 அணைகளையும் வெட்டி முடிக்க எவ்வளவு காலம் ஆனாலும், அதுவரை ஒவ்வொரு கோடை மழைக்கும் தேவைப்படுவது இந்த ஏற்பாடுதான்.